திருமலையை (திருகோணமலையை) விட்டு முதல் தடவை வேலைக்குப் போகிறேன், அங்கே யாரையும் தெரியாது

உப்புவெளிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது, சொந்த இடம் உப்புவெளி. கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்தேன். மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுப் போட்டு இப்போதுதான் கொழும்பில் ஒரு மென்பொருள் கொம்பனியில் கியூ.ஏ. வேலை கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. அடுத்த மாதம் முதலாம் திகதி சேர வேண்டும். கிழமையில் மூன்று நாள் ஒபிசுக்குப் போக வேண்டும், மற்ற இரண்டு நாளும் இருக்கிற இடத்திலிருந்தே செய்யலாமாம்.

சந்தோசம்தான். அப்பா இனிப்பு வாங்கி வந்து அயல் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். ஆனால் இரவில் படுத்தால் நித்திரை வருவதில்லை, வயிற்றுக்குள் ஏதோ பிசைகிறது. நான் இதுவரை வீட்டை விட்டு ஒரு கிழமை கூட வெளியே தங்கியதில்லை. கம்பஸ் படிப்பும் வீட்டிலிருந்துதான், நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். விரிவுரை முடிந்தவுடன் நான் பஸ் ஏறிவிடுவேன், ஹொஸ்டல் பிள்ளைகள் கூட்டமாகக் கதைத்துக்கொண்டு நடந்து போவார்கள். நான்கு வருடமும் அதை ஜன்னல் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை, அவர்களுக்குள் இருந்த ஒட்டு எனக்கு அங்கே யாரோடும் வரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. சிநேகிதிகள் என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த இரண்டு பேர். ஒருத்தி கலியாணம் செய்து கனடாவுக்குப் போய்விட்டாள், மற்றவள் மட்டக்களப்பில் ஆசிரியை.

சிங்களம் கேட்டால் விளங்கும், பேச வராது. வாய் திறக்கவே பயம்.

வெள்ளவத்தையில் போடிங் (வாடகைக்குத் தங்கும் அறை) பார்ப்பதா, ஒபிஸ் இருக்கிற ராஜகிரியப் பக்கம் பார்ப்பதா? ஒவ்வொரு வெள்ளியும் இரவு பஸ் எடுத்து வந்துவிடு என்று அம்மா சொல்கிறா, அது சரிவருமா? இதை விட, நீங்கள் எல்லாம் போன இடத்தில் எப்படிச் சிநேகம் பிடித்தீர்கள் என்று தெரிய வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய கவலை.


தம்பலகாமத்தாள் எழுதியது:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நானும் இதே கியூ.ஏ. வேலைதான், 2018 கடைசியில் கொழும்புக்கு வந்தேன்.

வேலைக் கடிதத்தை ஒரு தரம் நன்றாக வாசித்துப் பாருங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) முதல் மாதத்திலிருந்தே கட்டுவார்களா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் பிடிப்பார்கள், கொம்பனி தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 வீதம் தனி, அதுவும் கொம்பனிதான். தகுதிகாண் காலத்திலும் அது உங்களுக்கு உரியதுதான். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். நான் முதல் ஐந்து மாதமும் நீங்கள் கேட்கிற மாதிரித்தான் இருந்தேன். வெள்ளி பின்னேரம் ஒபிசிலிருந்து நேரே புறக்கோட்டைக்கு ஓடி 49ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிப்பேன், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் எல்லாம் நித்திரைக்குள் போய்விடும், விடியமுன் வீடு. ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை போடிங்கில் முகம் கழுவிக்கொண்டு ஒபிசுக்குப் போவேன். ஒபிசில் உள்ளவர்கள் சனிக்கிழமைகளில் எங்காவது போவார்கள், முதல் தரம் கூப்பிட்டார்கள், ஊருக்குப் போகிறேன் என்றேன், இரண்டாம் தரமும் அதே பதில், அப்புறம் கூப்பிடவில்லை. அவர்கள் மேல் பிழையே இல்லை.

போடிங்கில் பக்கத்து அறையில் மாத்தறைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஒரே குளியலறை, ஒரே தண்ணீர்க் குழாய், ஐந்து மாதமாக இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போவதோடு சரி. 2019 சித்திரைப் புதுவருசத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பின கையோடு அடுத்த சனி ஞாயிறு போகாமல் நின்றுவிட்டேன். அந்த ஞாயிறுதான் ஏப்ரல் 21. காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த செய்தி வந்துகொண்டே இருந்தது, பின்னேரம் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் தடை, சாதாரண கோலும் எடுபடவில்லை. நான் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு இருக்கிறேன், கதவில் தட்டுகிற சத்தம். திறந்தால் அவள், கையில் போன். "கெதரின் கதா களாத?" என்று கேட்டாள், வீட்டிலிருந்து கதைத்தார்களா என்று. இல்லை என்று தலையாட்டினேன், அழுகை வந்துவிட்டது. அவளுடைய போனை என்னிடம் தந்து, எடு, எடுபடும் வரைக்கும் எடு என்றாள். எத்தனையோ தரத்துக்குப் பிறகு அம்மாவின் குரல் கேட்டது. அன்றிரவு அவள் தன் மெத்தையை இழுத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். என்னிடம் பாண் இருந்தது, அவளிடம் அவள் அம்மா கட்டிக் கொடுத்த கொக்கிஸ் பலகாரம் மிச்சம் இருந்தது, அடுத்த நாள் முழுக்க அதுதான் சாப்பாடு.

அவளோடு பேசிப் பேசித்தான் எனக்குச் சிங்களம் வந்தது. 2022இல் காஸ் இல்லாமல் கொழும்பே அல்லாடினபோது ஒரே ரைஸ் குக்கரில் சோறும் பருப்பும் மாறி மாறி வைத்தோம், மின்வெட்டு நேரம் பார்த்துச் சமைப்பதற்கு ஒரு அட்டவணையே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். இப்போது அவள் கலியாணம் முடித்து ஊரோடு போய்விட்டாள். வருசத்தில் இரண்டு தரமாவது நான் மாத்தறைக்குப் போகிறேன்.

வெள்ளவத்தை வசதியான இடம், மறுக்கவில்லை. இடியப்பக் கடை, மயூரபதி அம்மன் கோயில், தமிழ்ச் சங்க நூலகம், எல்லாம் நடந்து போகிற தூரம், இரவு எட்டு மணிக்கும் பயமில்லாமல் தெருவில் நடக்கலாம். முதல் ஆறு மாதத்துக்கு அங்கேயே பாருங்கள், ஒபிசுக்கு நேரமெடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் வீட்டிலிருந்து செய்யலாம் என்று சொன்ன அந்த இரண்டு நாளும் முதல் மூன்று மாதம் ஒபிசுக்கே போங்கள். அறைக்குள் இருந்து வேலை செய்தால் யாருடைய முகமும் பழகாது. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருக்கும்போதுதான் ஆட்கள் கதைக்கத் தொடங்குவார்கள்.


உப்புவெளிப் பிள்ளை எழுதியது:

அக்கா, வாசித்து அழுதுவிட்டேன். மிக்க நன்றி. ஒன்று கேட்கட்டுமா, பிழையாகச் சிங்களம் பேசினால் சிரிக்க மாட்டார்களா?


தம்பலகாமத்தாள் எழுதியது:

சிரிப்பார்கள்தான் தங்கச்சி. நானும் அவள் தமிழைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், "சாப்பிட்டதா" என்று என்னையே கேட்பாள். பஸ்ஸில் இறங்கும்போது "பஹினவா" என்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், அதுதான் நான் கொழும்பில் உரத்துச் சொன்ன முதல் சிங்களச் சொல். அதற்கு முன் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் இரண்டு ஹோல்ட் நடந்து வந்த நாட்கள் உண்டு. "மட்ட சிங்கள டிக்கக் புளுவன்", எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும், இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசுவார். கனபேர் தங்களுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை எடுத்து வருவார்கள்.


மூதூர் நானா எழுதியது:

தங்கச்சிக்கு என் கதையையும் சொல்கிறேன், கொழும்பு இல்லை, தோஹா. 2010இல் ஏசி டெக்னீசியன் வேலைக்குக் கட்டாருக்குப் போனேன், அப்போது எனக்கு 23 வயது. கேம்பில் ஒரு அறைக்கு எட்டுப் பேர், இரண்டு தட்டுக் கட்டில்கள். எனக்குக் கீழ்த்தட்டில் ஒரு இலங்கைத் தமிழ்ப் பொடியன் இருந்தான். ஊர் எது என்று கேட்டேன், திருகோணமலை என்றான். நானும் திருகோணமலைதான் என்றேன். திருகோணமலையில் எவடம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது ஏன் என்று விளங்கும். ஊர்ப் பேரைச் சொன்னவுடன் ஆள் யார், எந்தப் பக்கம், என்ன நடந்தது எல்லாம் வந்து நடுவில் உட்கார்ந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது அவன் சம்பூர் என்று. மூதூரிலிருந்து சம்பூர் சைக்கிளில் போய்வருகிற தூரம். 2006 ஆகஸ்டில் மூதூரில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது நாங்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடினவர்கள். அதே வருசம் அவன் குடும்பம் சம்பூரை விட்டு வெளிக்கிட்டு மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனது. ஒரே வருசம், பக்கத்துப் பக்கத்து ஊர், ஓடின திசைதான் வேறு. அதை ஊரில் வைத்து ஒருவருக்கொருவர் சொல்லியிருப்போமா? சொல்லியிருக்கவே மாட்டோம். பாலைவனத்தில் ஒரு இரும்புக் கட்டிலில் இருந்துகொண்டு சொன்னோம்.

ஆனால் எங்களைச் சேர்த்தது அந்தக் கதை இல்லை, அதற்கு முன்னமே மெஸ் சேர்த்துவிட்டது. அறைக்கு ஒரே அடுப்பு, சமையல் முறை போட்டுச் செய்வோம். வெள்ளிக்கிழமை லீவு நாள், எல்லோரும் இறைச்சி வாங்குவார்கள். அவன் வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடமாட்டான், வாயைத் திறந்து சொல்லவும் மாட்டான், வெறும் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டு இருப்பான். நான் கவனித்துவிட்டு, அடுத்த வெள்ளி இறைச்சி அடுப்பில் ஏறமுன் ஒரு சின்னச் சட்டியில் பருப்பும் கத்தரிக்காயும் வைத்து மூடி அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு வந்தது. ஸஹருக்கு, அதுதான் நோன்பு தொடங்கமுன் சாப்பிடுகிற விடியற்காலைச் சாப்பாட்டுக்கு, எழும்ப அலாரம் வைத்துவிட்டுப் படுத்தால், அலாரத்துக்கு முன் சோறு சூடாக்குகிற வாசம் வருகிறது. பகல் முழுக்க வெயிலில் வேலை செய்துவிட்டுப் படுத்தவன், நோன்பு பிடிக்காதவன், மூன்று மணிக்கு எழும்பி எனக்காகச் சோறு சூடாக்குகிறான். அந்த மாதம் முழுக்கச் செய்தான். நான் வாப்பாவிடம் போனில் சொன்னேன். வாப்பா கன நேரம் பேசவே இல்லை, அப்புறம் அவனிடம் கொடு என்றார்.

2016இல் இரண்டு பேரும் திரும்பி வந்தோம். சம்பூரில் யுத்தத்தோடு பறிபோன காணிகள் 2015இல்தான் விடுபடத் தொடங்கியிருந்தன. அவன் வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடும் ஒரு தூர்ந்த கிணறும்தான். நான் மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வந்து மூன்று நாள் கூட நின்று கிணற்றை இறைத்துக் கொடுத்தேன். அவன் மகளுக்கு நான் பெரியப்பா.

அதனால் என் அபிப்பிராயம், தனி அறை எடுக்காதே தங்கச்சி. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து சமைக்கிற இடமாகப் பார். போன முதல் நாளே ஆளின் ஊரைக் கேட்டு அளக்காதே. அவர்கள் உன்னை அளந்தால் மனம் விடாதே, இரண்டு மாதம் கொடு.


ஓர்ஸ்ஹில் அம்மா எழுதியது:

பிள்ளை, எல்லோரும் ஊருக்குப் போகாதே, கொழும்பிலேயே நில் என்கிற மாதிரி எழுதுகிறார்கள். நான் மறுபக்கம் இருப்பவள், என் மகன் வேலைக்குப் போய் மூன்று வருசம். முதல் வருசம் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வந்தான், இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அவனுக்கு அங்கே நல்ல சிநேகிதர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வராமல் பழகினால் வராமலே பழகிவிடும். அம்மா வரச் சொல்வது உங்களைக் கட்டிப்போட இல்லை. முதல் கொஞ்ச நாளைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் அவவுக்குச் சோறு இறங்கும். மாதத்தில் ஒரு தரம் என்று முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் திகதியை மட்டும் மாற்றாதீர்கள். மற்ற நாட்களில் இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் கதைத்தால் காணும். நான் என் மகனிடம் இப்படி எதையும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.


பொகவந்தலாவைக்காரி எழுதியது:

நீங்கள் ஜன்னல் பக்கம் இருந்து பார்த்தேன் என்று சொன்ன அந்த ஹொஸ்டல் கூட்டத்தில் நானும் ஒருத்தி, உங்களுக்குச் சில வருசம் முந்திய பெட்ச். மலைநாட்டிலிருந்து அங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு வெக்கையில் உடம்பெல்லாம் கொப்பளம், தண்ணீர் பிடிக்கவில்லை, முதல் மாதம் ஒவ்வொரு இரவும் அழுதேன். நாங்கள் கூட்டமாகத் திரிந்ததற்குக் காரணம் எங்களுக்குப் போக வீடு இல்லை என்பதுதான். நீங்கள் பஸ் ஏறிப் போகும்போது, இவளுக்கு இன்றைக்கு அம்மா சமைத்த சாப்பாடு என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

எங்கள் வகுப்பில் உங்களைப் போல வீட்டிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி, சாம்பல்தீவு. ஒரு சனிக்கிழமை திடீரென்று, எங்கள் வீட்டுக்கு வாறியா என்று கேட்டாள். போனேன். அவள் அம்மா சூடை மீன் பொரித்து, சொதி வைத்து, இலையில் போட்டுத் தந்தா. பின்னேரம் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், நானும் கயிற்றைப் பிடித்தேன். கை எரிந்தது. ஒரு பெரியவர் ஒரு கை நிறைய மீன் தந்து, பிள்ளை இழுத்த பங்கு என்றார். அந்த ஒரு நாளுக்குப் பிறகு எனக்குத் திருமலை என் ஊர் மாதிரி ஆகிவிட்டது. வேலையும் அங்கேயே தேடி மூன்று வருசம் இருந்தேன்.

உங்களிடம் ஒரு வீடு இருக்கிறது தோழி. கொழும்பில் உங்களோடு அறையில் இருக்கப் போகிற பிள்ளைகளில் அரைவாசிப் பேருக்குத் திருமலை என்றால் கோணேசர் கோயிலும் கோட்டைக்குள் மேய்கிற மான்களும் படத்தில் பார்த்ததுதான். கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டால் வருவார்கள், நான் வந்த மாதிரி.


உப்புவெளிப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். இரண்டரை மாதம் ஆகிவிட்டது, வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளவத்தையில்தான் போடிங், ஐந்து பிள்ளைகள், ஒரு குசினி. முதல் மூன்று கிழமை மோசம். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் அறையை விட்டு வரவில்லை. நான்காம் கிழமை குசினியில் மன்னார்ப் பிள்ளை ஒருத்தி தேங்காய் துருவிக்கொண்டு நின்றாள், நானா சொன்னது ஞாபகம் வந்தது, தாங்கோ நான் துருவுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இப்போது இரவுச் சாப்பாடு மூன்று பேருக்கு ஒன்றாகத்தான். இன்னும் பெரிய நெருக்கம் என்று சொல்ல முடியாது, ஆனால் நான் ஒபிசிலிருந்து பிந்தினால் எங்கே நிற்கிறாய் என்று மெசேஜ் வருகிறது.

ஒபிசுக்கு ஐந்து நாளும் போகிறேன், அக்கா. பஸ்ஸில் "பஹினவா" சொல்லிவிட்டேன். முதல் தரம் குரல் வெளியே வரவில்லை, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எனக்காகச் சத்தம் போட்டா.

அம்மாவோடு பேசி மாதம் ஒரு தரம் என்று முடிவு செய்தோம். அப்படி முதல் தரம் ஊருக்குப் போகிற வெள்ளி, ஒபிசில் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருக்கிற பிள்ளை, நீயும் 49ஆ என்று கேட்டாள். அவள் தம்புள்ளை. தம்புள்ளை வரை ஒன்றாகப் போனோம், அவள் சிங்களத்தில், நான் பாதிச் சிங்களம் பாதி ஆங்கிலம், முக்கால்வாசி நேரம் எங்கள் மனேஜரைப் பற்றித்தான் கதை. நடுச்சாமம் தாண்டி தம்புள்ளையில் அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிளோடு நின்றார். பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றி இறக்குகிறவர். மகள் போனில் என்ன சொன்னாளோ தெரியாது, பஸ் ஜன்னலுக்குள்ளால் ஒரு பெரிய பையைத் தள்ளினார், கரட், போஞ்சி, கறிமிளகாய். அம்மாவுக்கு என்றார், தமிழில். அம்மா அந்தப் பையைப் பார்த்துவிட்டு யார் எவர் என்று என்னைக் குடைந்து எடுத்தா, திரும்பி வரும்போது கிண்ணியாத் தயிர் ஒரு சட்டியும், பழைய பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றின கருவாடும் தந்து, அந்தப் பிள்ளையிடம் கொடு என்றா. தயிர்ச் சட்டியைக் கொழும்பு வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நாளைக்கு வெள்ளி. அவள் இந்த முறை தம்புள்ளையில் இறங்கவில்லை, திருமலை வரைக்கும் வருகிறாள். கோணேசர் கோயிலும் மான்களும் பார்க்க வேண்டுமாம், கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் குளிக்க வேண்டுமாம். அப்பா சனி காலை மீன் வாங்கப் போவதற்கு இப்போதே கேட்கிறார், அந்தப் பிள்ளை முள்ளு மீன் சாப்பிடுமா என்று. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.